ஏற்காட்டுக் காற்றை பானெட்டுக்குள் கொண்டுவர முடியுமா? பழைய கார் கேள்வி-பதில்

சித்திரை பிறந்தால் சேலத்துக்கு இரண்டு வரும். ஒன்று மாம்பழம். இன்னொன்று, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவி) வண்டி வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்பும் கேள்விகள். இந்தத் தடவை பாதிக்கு மேல் 'கோல்ட் ஏர் இன்டேக்', அதாவது இன்ஜினுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாய், பற்றித்தான், யாரோ வீடியோ போட்டிருக்க வேண்டும். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன், உங்கள் ஊர் பெயர் இல்லையே என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1997 மாருதி 800 வைத்திருக்கிறேன். ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு கோன் ஃபில்டர் (டப்பா இல்லாத கூம்பு ஃபில்டர்) போட்டால் பிக்கப் கூடும் என்று நண்பன் சொல்கிறான். போடலாமா அண்ணா? (சூரமங்கலம்)

போடலாம் தம்பி, சத்தம் கூடும். பிக்கப் கூடாது. மே மாதம் அஞ்சு ரோட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது இருக்கிற பிக்கப்பும் குறையும்.

காரணம் இதுதான். காற்று 10 டிகிரி சூடேறினால் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 3 சதவீதம் குறைகிறது. வெளியே 40 டிகிரி, நின்று நின்று ஓடும்போது பானெட்டுக்குள் 65 என்று வைத்துக்கொள், அந்த 25 டிகிரி வித்தியாசத்தில் 7 சதவீதத்துக்கு மேல் காற்று காணாமல் போகிறது. கோன் ஃபில்டரை பானெட்டுக்குள் திறந்து வைத்தால் இன்ஜின் குடிப்பது அந்த வெந்த காற்றைத்தான். பெயர் மட்டும் கோல்ட் ஏர். உறிஞ்சுகிற சத்தம் காதில் நேராக விழுவதால் வண்டி பறப்பது மாதிரி தோன்றும், ஆனால் கடிகாரம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? டப்பாவை அப்படியே விட்டுவிட்டு காற்று நுழையும் அதன் மூக்கை மட்டும் நீட்டு. மூக்கில் ஒரு குழாயை மாட்டி ரேடியேட்டருக்குப் பக்கவாட்டில், கிரில்லுக்குப் பின்னால் வெளிக்காற்று கிடைக்கும் இடத்தில் கொண்டுபோய் விடு. ரேடியேட்டருக்கு நேர் பின்னால் வைத்துவிடாதே, அங்கே வருவது இன்னும் மோசமான காற்று. 796 சிசி இன்ஜின் 5500 சுற்றில் கேட்பது நொடிக்கு 30 லிட்டருக்குள்தான், அதற்கு 50 மில்லி மீட்டர் குழாய் தாராளம். மூன்று அங்குலம் போட்டால் பார்க்க வீரமாக இருக்கும், அவ்வளவுதான். வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். வாயை எதிர்க்காற்றுக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் கீழ்ப்பக்கமாகச் சாய்த்து வை, மழையும் பூச்சியும் நேராக உள்ளே போகாது. அதற்காக பம்பருக்கு அடியில் கொண்டுபோய்விடாதே. நான் ஒரு காலத்தில் அதைச் செய்தவன். ஒரு ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீருக்குள் வண்டியை விட்டேன், இன்ஜின் தண்ணீரை உறிஞ்சி ஒரு கனெக்டிங் ராடு வளைந்தது. அந்தக் குழாய்க்கு நான் செலவு செய்ததே இருநூறு ரூபாய்தான்.

ஒன்றை மறக்காதே. வால்வு கவரிலிருந்து வரும் பிரீதர் குழாய் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றுவது) அந்த டப்பாவில்தான் சேர்கிறது. கோன் போடுகிறவர்கள் அதைப் பிடுங்கித் தொங்கவிட்டுவிடுகிறார்கள், பிறகு இன்ஜின் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே ஆவி நாற்றம்.

நம்பிக்கை இல்லை என்றால் மீன்தொட்டிக்கு விற்கும் வயர் வைத்த தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, முனையை மூக்குக்குள் டேப் போட்டு ஒட்டி, குழாய் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரே ரோட்டில் ஓட்டிப் பார். 15 டிகிரியாவது குறைந்தால் வேலை நன்றாக நடந்திருக்கிறது. அப்போதும் பெரிதாக எதிர்பார்க்காதே, 37 குதிரைத்திறன் வண்டியில் 7 சதவீதம் என்றால் கணக்குப்படியே இரண்டரைதான், அதுவும் முழுசாகக் கைக்கு வராது. கிடைக்கப்போவது மதிய வெயிலில் வண்டி சோர்ந்துபோகாமல் இருப்பது.

ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்கு பிரீமியர் பத்மினி ஓட்டுகிறேன். கறுப்புப் புகை, இழுவை இல்லை, மைலேஜும் போச்சு. கோல்ட் ஏர் போட்டால் சரியாகுமா சார்? (நாகலூர்)

ஆகாது. உங்களுக்கு ஏற்கெனவே குளிர்ந்த காற்றுதான் வருகிறது. குறைவது கனம். சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சுமாருக்கு இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர். மேலே போகப் போக காற்றழுத்தம் விழுகிறது. நான் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேலத்து வெயிலில் பானெட்டுக்குள் 65 டிகிரியில் வேகும் காற்றும், ஏற்காடு ஏரிக்கரையில் 20 டிகிரியில் சில்லென்று வீசும் காற்றும் ஒரு கன மீட்டருக்கு ஒரே எடை, ஏறக்குறைய ஒரு கிலோ. முகத்துக்கு எது சுகம் என்பது வேறு, இன்ஜினுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது. காற்று கனம் குறையும்போது பெட்ரோல் அதே அளவுக்குக் குறைவதில்லை, பாதி அளவுக்குத்தான் குறைகிறது. அதனால்தான் மலையில் கலவை பெட்ரோல் தூக்கலாகி புகை கறுக்கிறது, பிளக் மை பூசிய மாதிரி வருகிறது. வண்டி எப்போதும் மேலேயே நிற்கும் என்றால் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவாக வரும் சிறு துளை) ஒரு நம்பர் சின்னதாக்கிப் பாருங்கள், பிளக் நுனி காப்பிப்பொடி நிறத்துக்கு வர வேண்டும், உங்களுக்கு அந்த நிறத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகுவது நிற்கும்போது மட்டும்தான் உதவும், ஏற்றத்தில் அதற்கு வேலை இல்லை. வாரம் நாலு நாள் சேலம் இறங்குகிறீர்கள் என்றால் ஜெட்டைத் தொட வேண்டாம். மலைக்குப் பொருத்திய ஜெட்டோடு கீழே நாற்பது டிகிரியில் பைபாஸில் மிதித்தால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும், வால்வு கருகும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் சோக் முழுசாகத் திறக்கிறதா, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிகிறதா என்று பாருங்கள். பத்துக்கு ஆறு கறுப்புப் புகை அங்கேதான் முடியும்.

குழாய்க்கு பிவிசி போடலாமா? (ஓமலூர்)

சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து (இன்ஜின் புகை வெளியேறும் சூட்டுக் குழாய்) ஒரு சாண் தள்ளி இருந்தால் போடலாம். 80 டிகிரியை ஒட்டி அது இளகி வாய் கோணும். லேத்துப் பட்டறையில் அலுமினியக் குழாய் வெட்டி வாங்கி, இரண்டு முனைக்கும் ரப்பர் ஹோஸும் கிளாம்ப்பும் போட்டால் பிரச்சினையே இல்லை. இன்ஜின் ஆடும், பாடி ஆடாது, நடுவில் ரப்பர் இல்லாவிட்டால் டப்பாவின் மூக்கு உடையும்.

கோல்ட் ஏர் குழாய் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. காலையில் ஆக்ஸிலேட்டர் மிதித்தால் தயங்குகிறது, சில சமயம் கார்புரேட்டர் வழியாகவே 'டப்' என்று திருப்பி அடிக்கிறது. (அயோத்தியாபட்டணம்)

கலவையில் பெட்ரோல் குறைந்துவிட்டது. நாகலூர்க்காரருக்குச் சொன்னதன் மறுபக்கம் இது. காற்று கனமானால் பெட்ரோல் அதற்குப் பாதியளவே கூடும், மீதிக்குக் காற்று மிஞ்சும். ஊசிவழி பெட்ரோல் அடிக்கும் புது வண்டியில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும், நம் வண்டியில் ஸ்க்ரூ டிரைவர்தான் சென்சார்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பங்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இந்தக் கலப்புக்கு 13.5 சுமார் போதும். அப்படியென்றால் அதே காற்றுக்கு இந்த பெட்ரோல் அதிகம் வேண்டும், பழைய ஜெட் விடும் அளவு ஏற்கெனவே கொஞ்சம் பற்றாக்குறை. அதன் மேல் குளிர்காற்றும் வந்தால் வண்டி திருப்பி அடிக்காமல் என்ன செய்யும்? கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டில் காற்று ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள், பிறகு மிதிக்கும்போது கார்புரேட்டரில் உள்ள ஆக்ஸிலேட்டர் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள், இரண்டும் சரி என்றால் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்கலாம். பழைய பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள், எத்தனால் அந்தக் கால ரப்பரை ஊறவைத்து உதிர்க்கும்.

அப்புறம், டிசம்பர் மூடுபனியில் ஏற்காடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் கழுத்து ஜில்லிட்டுப்போகும், காற்றில் ஈரம் நிறைய இருந்தால் வெளியே 10 டிகிரி இருக்கும்போதே அங்கே ஐஸ் பிடிக்கும். சேலத்துக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். மேனிஃபோல்ட் பக்கத்திலிருந்து சூட்டுக் காற்று எடுக்கும் குழாயைச் சில வண்டிகளில் கம்பெனியே வைத்தது இதற்காகத்தான். அதைக் கழற்றி எறியாமல் டிக்கியில் போட்டு வையுங்கள்.

மே மாதம் ஏற்காடு ஏறும்போது 14-வது கொண்டை ஊசி வளைவில் என் அம்பாசடர் நின்றுவிட்டது. அரை மணி கழித்து தானாக ஸ்டார்ட் ஆனது. குளிர்காற்றுக் குழாய் போட்டால் தீருமா? (ஆத்தூர்)

நின்றது காற்றால் இல்லை, பெட்ரோலால். அடிவாரத்திலிருந்து இரண்டாவது கியரிலேயே வேலை வாங்கியிருப்பீர்கள், வேகம் இல்லாததால் பானெட்டுக்குள் காற்றோட்டம் இல்லை, இன்ஜினை ஒட்டி நிற்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் கொதித்து உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டது. பம்ப் திரவத்தைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. அந்தக் கால டிரைவர்கள் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றி ஏறியதைப் பார்த்திருப்பீர்கள், இன்றைக்கும் வழியில் நின்றால் அதுதான் வைத்தியம்.

வீட்டில் இருந்து செய்வதென்றால் பெட்ரோல் பைப்பை மேனிஃபோல்டிலிருந்து விலக்குங்கள், பம்ப்புக்கும் சூட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு, கார்புரேட்டருக்கு அடியில் தடிமனான பேக்கலைட் கேஸ்கெட். இந்த மூன்றுக்கும் பிறகு நேரமும் காசும் மிஞ்சினால் குழாயைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் அடுத்த முறை நின்றால் உடனே ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா என்று பாருங்கள். சூட்டில் ஸ்பார்க் தரும் காயிலோ கண்டென்சரோ படுத்தாலும் இதே மாதிரிதான் நிற்கும், ஆறியதும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடும்.

என் அம்பாசடரில் பழைய ஆயில் பாத் ஃபில்டர் (எண்ணெயில் தூசியைப் பிடிப்பது). அதைத் தூக்கிவிட்டு நுரை ஃபில்டர் போட்டால் காற்று நன்றாகப் போகும் என்கிறார்கள். (கருப்பூர்)

கருப்பூரா? வெள்ளைக்கல் சுரங்கத்துப் பக்கம் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா? காலையில் பானெட் மேல் விரலால் கோடு போட்டுப் பாருங்கள், அதுதான் பதில். மெல்லிய நுரையைத் தாண்டிப் போகும் தூசி எண்ணெயோடு கலந்து பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். மாற்றுவதென்றால் சரியாக மூடி உட்காரும் பேப்பர் ஃபில்டருக்கு மாறுங்கள், இல்லை ஆயில் பாத்தையே அடிக்கடி கழுவி, கோடு வரைக்கும் எண்ணெய் ஊற்றி ஓட்டுங்கள்.

புகைச் சான்று எடுக்கும்போது தகராறு வருமா? (சேலம் டவுன்)

மெஷின் குழாயைப் பார்ப்பதில்லை, சைலன்சரில் வருவதைத்தான் பார்க்கும். பழைய பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்ஸைடு 3 சதவீதம் வரை அனுமதி, ஒழுங்காக டியூன் செய்த வண்டிக்கு அது பெரிய கஷ்டம் இல்லை. வண்டியை நன்றாகச் சூடாக்கிவிட்டுப் போங்கள், சோக் போட்டு எடுத்த கையோடு போகாதீர்கள்.

கோன் ஃபில்டர் போட்டு ஒரு வருஷம் ஓட்டினேன். வீட்டில் சத்தம் தாங்கவில்லை என்கிறார்கள், எனக்கும் தாங்கவில்லை. பழைய டப்பாவைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டேன். இனி என்ன செய்வது? (மேட்டூர்)

பேரீச்சம்பழம் நன்றாக இருந்ததா?

கார் உடைக்கும் கடைகளில் இன்னும் கிடைக்கிறது, கொஞ்சம் அலைய வேண்டும். கையில் கார்புரேட்டர் வாயின் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள், ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கும். மூடியின் கிளிப்புகள் எல்லாம் இருக்கின்றனவா, அடித்தட்டு நெளியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் போயிருந்தால் பரவாயில்லை, துரு ஓட்டை இருந்தால் வேண்டாம். டப்பாவுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உட்காரும் ரப்பர் வளையத்தையும் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் அதைத் தனியாகக் கழற்றி எங்கேயோ போட்டிருப்பார்.