எழிலரசி, ‘எலிலரசி’ ஆன கதை: எதை முதலில் திருத்துவது?

எழிலரசி என்ற உங்கள் பெயரின் ஆங்கில எழுத்து ஆதாரில் ஒரு மாதிரியும் வங்கி பாஸ்புக்கில் வேறு மாதிரியும் இருக்கிறது, எதைத் திருத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆதாரைத் தொடாதீர்கள், பாஸ்புக்கைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறைதான் மாற்றலாம்.

பெயரில் உள்ள ழகரத்துக்கு ஆதாரில் ‘இசட்எச்’ (zh), பாஸ்புக்கில் ‘எல்’ (l) என்கிறீர்கள். கணக்கு தொடங்கியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் தனி எழுத்து ஏது? தஞ்சாவூரிலேயே சோழனுக்கு ‘எல்’தான் போடுகிறோம். ஆனாலும் கவுன்ட்டரில் ‘எலிலரசி’ என்று கூப்பிட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

வங்கியின் கும்பகோணம் கிளைக்குப் போகுமுன் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். என் விண்ணப்பம் ஒன்று அந்த ஒற்றை எழுத்தால் திரும்பி வந்தது.

சான்றிதழிலும் ‘எல்’ இருந்தால் அவசரப்பட வேண்டாம்; அப்போது எந்த எழுத்தை வைத்துக்கொள்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.