பத்தாயிரத்துக்குள் சவுண்ட்பார்: கேள்வி பதில்

டிவிக்கே பணம் போய்விட்டது, அதன் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாருக்கு மிஞ்சியது எட்டாயிரமோ பத்தாயிரமோதான் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: சார், புதிதாக 43 அங்குல டிவி வாங்கினோம். படம் பளிச்சென்று இருக்கிறது, பேச்சுதான் புரியவில்லை. டிவியில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. டிவி மெலிந்துகொண்டே போனதில் ஸ்பீக்கருக்கு இடமில்லாமல் போய்விட்டது. பெரும்பாலும் அது கீழே பார்த்தபடி இருக்கும். ஒலி நேராக உங்களிடம் வராது, மேசையில் பட்டுத்தான் வரும். செட்டிங்கில் குரலைத் தெளிவாக்கும் சவுண்ட் மோடு இருந்தால் முதலில் அதைப் போட்டு ஒரு வாரம் கேளுங்கள். அதுவே போதுமென்றால் காசு மிச்சம்.

கேள்வி: ஒன்றில் 500 வாட், இன்னொன்றில் 80 வாட். விலை ஒன்றுதான். எது நல்லது?

பதில்: பெட்டியில் ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதுதான். பிஎம்பிஓ என்று போட்டிருக்கும் பெரிய எண் ஒரு கணத்து உச்சம்தான், அதை நம்பவே வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலுக்கு உண்மையான 80 வாட் தாராளம். கடையில் குத்துப்பாட்டு போட்டுக் காட்டுவார்கள்; அதில் எல்லா பாரும் நன்றாகத்தான் கேட்கும். நியூஸ் சேனல் வைக்கச் சொல்லுங்கள். சத்தத்தைக் குறைத்த பிறகும் வாசிப்பவரின் ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தால் வாங்கலாம்.

கேள்வி: அண்ணா, ப்ளூடூத்தில் இணைத்தால் போதாதா?

பதில்: பாட்டுக்குப் போதும். படத்துக்கு வேண்டாம் தம்பி. உதடு அசைந்த பிறகு குரல் வரும். டிவியின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி என்று பொடி எழுத்தில் இருக்கும்; டிவியின் ஒலியை பாருக்கு அனுப்பும் துளை அதுதான். பாரின் கேபிளை அதில் சொருகி, செட்டாப் பாக்ஸை வேறு துளைக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் செட்டிங்கில் சிஇசியை ஆன் செய்தால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாம், குறைக்கலாம். சாம்சங்கில் அதற்கு எனிநெட் பிளஸ் என்று பெயர், எல்ஜியில் சிம்ப்லிங்க். இணைத்தும் சத்தம் வரவில்லையா? டிவியின் ஆடியோ ஃபார்மட்டை பிசிஎம் என்ற சாதாரண, சுருக்காத ஒலி வடிவத்துக்கு மாற்றுங்கள். மலிவான சில பார்களுக்கு டால்பி என்ற சுருக்கிய ஒலி வடிவம் புரியாது.

ஏஆர்சி இல்லாத பழைய டிவி என்றால் ஆப்டிகல் கேபிள். அதன் நுனியில் சின்ன பிளாஸ்டிக் தொப்பி இருக்கும், கழற்றிவிட்டுச் சொருகுங்கள்.

கேள்வி: பத்தாயிரத்துக்குள் அட்மாஸ் கிடைக்குமா?

பதில்: அட்டையில் எழுத்து கிடைக்கும். அட்மாஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை. அதற்குக் கூரையைப் பார்த்த ஸ்பீக்கர் வேண்டும், கூரையும் சமதளமாக இருக்க வேண்டும். ஓட்டு வீட்டில் அது எடுபடாது. இந்த விலையில் இடது, வலது ஸ்பீக்கரோடு, பேஸ் எனும் கனத்த ஒலிக்குத் தனி சப்வூஃபர் பெட்டி உள்ள 2.1 வாங்குங்கள். வீட்டில் காது மந்தமான பெரியவர் இருந்தால், சப்வூஃபர் சிறிதானாலும் பரவாயில்லை, பேச்சுக்கென்று நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 கிடைக்கிறதா தேடுங்கள். பேஸைவிட வசனம்தான் அவருக்கு முக்கியம்.

கேள்வி: சப்வூஃபர் வைத்ததிலிருந்து ஒரே 'கும்'மென்ற சத்தம். மாற்றிவிடலாமா?

பதில்: எங்கே வைத்திருக்கிறீர்கள்? மூலையிலா? எங்கள் வீட்டிலும் முதலில் மூலையில்தான் வைத்தேன், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு அடிக்கும் பீரோ கதவு கிடுகிடுத்தது, உள்ளே ஹேங்கர்கள்கூட ஆடின. இரண்டு அடி முன்னால் இழுத்து, அடியில் தடித்த ரப்பர் மேட் போட்டு, பேஸைப் பாதியாகக் குறைத்த அன்றே சரியாகிவிட்டது. அடுக்குமாடி என்றால் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் அந்த மேட் பெரிய உதவி. இதைச் செய்தும் அடங்காவிட்டால்தான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், பில்லோடு.