அந்தப் பெயரில் பட்டம் இல்லாவிட்டால் என்ன?

கேள்வி: உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தேன். முகாமைத்துவ பீடத்துக்குப் போகக்கூடிய பெறுபேறு வந்திருக்கிறது. குடும்பங்களுக்குப் பணத்தைத் திட்டமிட்டுக் கொடுக்கும் நிதி ஆலோசகராக வர ஆசை. ஆனால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ அந்தப் பெயரில் ஒரு பட்டம் என் கண்ணில் படவில்லை. மாமாவோ, "மட்டக்களப்பில் யார் காசு கொடுத்து ஆலோசனை கேட்கப் போகிறார்கள்? படித்து முடித்து ஆசிரியர் நியமனத்துக்குப் பார்" என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மகள், மாமா சொன்னதில் பாதி சரி. ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, பலகை மாட்டி, ஆலோசனைக்குக் கட்டணம் கேட்டால் இங்கே ஆரம்பத்தில் யாரும் படியேற மாட்டார்கள். ஆனால் அந்த ஆலோசனை தேவைப்படாத வீடு நம் பக்கத்தில் மிகக் குறைவு.

ஐந்து ஏக்கர் வேளாண்மை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்போகத்துக்கு ஐப்பசியில் உழவு, விதைநெல், உரம், எண்ணெய் என்று காசு வேண்டும். மனைவியின் நகை அடகுக்குப் போகும். நான்கு லட்சம் ரூபாய், மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்று வையுங்கள். பங்குனியில் வெட்டி விற்று மீட்கும்போது ஐந்து மாத வட்டி மட்டும் 30,000 ரூபாய். சிறுபோகத்துக்கு அதே நகை மறுபடி போகும். மாதச் சம்பளத்தில் இத்தனை வீதம் சேமியுங்கள் என்ற பாடப்புத்தக ஆலோசனை இவருக்கு எதற்கு? ஒவ்வொரு போகமும் நெல்லை விற்ற கையோடு 80,000 ரூபாயை ஒதுக்கி, அடுத்த தடவை அவ்வளவுக்கு அடகைக் குறைத்தால், ஐந்து போகத்தில் நகை வீட்டோடு நிற்கும். இதை அவருடன் உட்கார்ந்து, அவர் கொப்பியிலேயே எழுதிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். நீங்கள் படிக்க நினைக்கும் தொழில் இதுதான்.

பட்டத்தின் பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வணிகமாணியோ வியாபார நிர்வாகமாணியோ, எது கிடைத்தாலும் அதற்குள் என்ன பாடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள். உலகளவில் இந்தத் தொழிலுக்கு அடையாளமாக இருப்பது சி.எஃப்.பி எனப்படும் சான்றளிக்கப்பட்ட நிதித் திட்டமிடுநர் தகைமை. முதலீடு, வரி, காப்புறுதி, ஓய்வுகாலம், சொத்துப் பகிர்வு, வாடிக்கையாளரின் மனநிலை இவைதான் அதன் பெரும்பகுதி. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் தெரிவுப் பாடங்களை எடுங்கள். பட்டயக் கணக்காளர் படிப்பு நிறுவனக் கணக்குக்கும் கணக்காய்வுக்கும், சி.எஃப்.ஏ எனப்படும் பட்டய நிதிப் பகுப்பாய்வாளர் தகைமை முதலீட்டுப் பகுப்பாய்வுக்கும் இழுத்துப் போகும். நல்ல படிப்புகள்தான், ஆனால் உங்கள் ஆசை வேறு திசை.

பல்கலைக்கழகம் முழுதாகத் தராத ஒன்று சொத்துப் பகிர்வு. அதை நீங்களே தேடிப் படிக்க வேண்டும். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது நம் பக்கத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஊறிய வழக்கம். மூன்று பெண்பிள்ளைகள் என்றால் கத்தார், சவூதிக் காசெல்லாம் கல்லும் சீமெந்துமாகிவிடும். தாய் தகப்பனின் முதுமைக்கு எதுவும் மிஞ்சாது. அதைக் கூடாது என்று சொல்லும் ஆலோசகரை ஒருவரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். வீட்டையும் கட்டி, முதுமைக்கும் ஒரு பங்கு ஒதுக்கும் வழியைத்தான் நீங்கள் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் வடமாகாணத் தமிழருக்கு உரியது; மட்டக்களப்புத் தமிழருக்குப் பொதுச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம். கல்முனையில் ஒரே நாளில் இரண்டு வகைக் குடும்பமும் உங்கள் முன்னால் வந்து உட்காரலாம்.

அதேபோல 2022இன் பொருளாதார நெருக்கடியை நன்றாகப் படியுங்கள். அந்த செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி வந்தது. நிலையான வைப்பு வட்டியில் சீவித்த ஓய்வூதியக்காரர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை உங்கள் ஊரிலேயே விசாரித்து எழுதிப் பாருங்கள். வங்கியோ நிதி நிறுவனமோ முறிந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபாய் வரைதான் என்பதுகூடத் தெரியாமல் முழுக்காசையும் ஒரே இடத்தில் போட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, வேலை? முதல் வேலை பெரும்பாலும் வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ காப்புறுதியிலோதான் கிடைக்கும். அங்கே மாத இலக்கு இருக்கும், தரகு இருக்கும். உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்த இடத்தில்தான். விற்பனையை ஆலோசனை என்று நம்பிவிடாதீர்கள். போகத்துக்குப் போகம் காசு காணும் மனிதருக்கு மாதத் தவணை ஆயுள் காப்புறுதியைக் கட்டிவிட்டால், நான்காம் ஐந்தாம் மாதத்தில் தவணை நின்றுவிடும். ஆரம்ப வருடங்களில் நிறுத்தினால் கட்டிய காசில் பெரும்பகுதி திரும்பாது. அதே ஆளுக்கு வருடத் தவணையைப் பங்குனியில் வைத்துக் கொடுக்கலாம். இல்லை, இப்போது வேண்டாம், முதலில் கடனை அடையுங்கள் என்று சொல்லலாம். அப்படிச் சொன்ன ஒருவரைத் தேடித்தான் பிறகு ஊர் வரும், கட்டணமும் கொடுக்கும்.

மாமாவின் பயத்துக்கும் மரியாதை கொடுங்கள். இந்தப் பட்டத்தோடு அரச போட்டிப் பரீட்சைகளுக்கும் விண்ணப்பிக்கலாம், வழி அடைபடாது என்று அவரிடம் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் தெரிவு வரிசையை எழுத முன்னர், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் இறுதி வருடத்தில் படிக்கும் இரண்டொருவரைப் பிடித்துப் பேசுங்கள். வரியும் காப்புறுதியும் உண்மையில் கற்பிக்கிறார்களா, தொழிற்பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பயிற்சிக் காலம் வரும்போது வங்கியில் கடன் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். யார் எதற்காகக் கடன் கேட்டு வருகிறார், எந்த மாதத்தில் தவறுகிறார் என்பதை அங்கேதான் பார்க்கலாம்.