ஜெயிச்சா ‘நாம’, தோத்தா ‘அவனுங்க’: வாசகர் கேள்வி-பதில்

கே: அணி ஜெயித்தால் ‘ஜெயிச்சுட்டோம்’ என்கிறான் என் மகன். தோற்றால் ‘சொதப்பிட்டானுங்க’ என்கிறான். மட்டையையே தொடாதவனுக்கு இந்த ‘ஓம்’ எங்கிருந்து வருகிறது?

ப: ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவும் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். ஆய்வு வெளியான ஆண்டு 1976. கல்லூரி மாணவர்களுக்குத் தொலைபேசியில் ஒரு சின்ன வினாடி வினா. சிலரிடம் ‘நன்றாகச் செய்தீர்கள்’ என்றும், சிலரிடம் ‘சரியாகச் செய்யவில்லை’ என்றும் சொல்லிவிட்டு, கல்லூரி அணி ஆடிய ஒரு ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். வென்ற ஆட்டத்தைச் சொல்லும்போது ‘நாங்கள்’ அதிகம் வந்தது. அதிலும், வினாடி வினாவில் சறுக்கியதாகச் சொல்லப்பட்டவர்கள்தான் வெற்றியோடு கூடுதலாக ஒட்டிக்கொண்டார்கள். ஆகவே மகனுக்கு அன்று பரீட்சை ஏதும் இருந்ததா என்று விசாரியுங்கள்!

தமிழில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ‘ஜெயிச்சோம்’ என்ற வினை ‘நாம’, ‘நாங்க’ இரண்டுக்கும் பொது. கூடவே கத்திய நண்பனிடம் ‘நாம ஜெயிச்சுட்டோம்டா’ என்பவன், எதிரணி ரசிகனைப் பார்த்ததும் ‘நாங்க ஜெயிச்சோம்ல’ என்று வேலியைப் போட்டுவிடுவான். ஆங்கில ரசிகனுக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

கே: ‘6 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி’ என்று எழுதுவது சரியா?

ப: புழக்கத்தில் ஊறிவிட்டது, ஆனால் கணக்கு உதைக்கும். முதலில் ஆடிய அணி 5 விக்கெட்டுக்கு 170 எடுக்கிறது. துரத்திய அணி 4 விக்கெட் இழந்து அதைத் தாண்டுகிறது. இழந்த விக்கெட்டில் வித்தியாசம் 1தான். வெற்றியோ 6 விக்கெட்டில். அந்த 6 என்பது வென்ற அணியின் கையில் மிச்சம் இருப்பது. ‘6 விக்கெட் மீதமிருக்க வென்றது’ என்றால் குழப்பமில்லை. ரன் கணக்கில் மட்டும் ‘வித்தியாசம்’ பொருந்தும்.

இதில் இன்னொரு வழுக்கலும் உண்டு. விக்கெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ‘அபார வெற்றி’ என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். கடைசிப் பந்தில் 8 விக்கெட் மீதமிருக்க ஜெயித்தாலும் அது நூலிழைதான். மீதிப் பந்துகளையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுங்கள். 2014 உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் பிரேசிலை 7-1 என்று ஜெர்மனி சாய்த்தது, இடைவேளையிலேயே 5-0. ‘பந்தாடியது’ என்ற சொல்லை அப்படிப்பட்ட நாளுக்கு எடுத்துவையுங்கள். தினமும் பந்தாடினால் சொல் தேய்ந்துவிடும்.

கே: 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்து ‘வென்றது’ என்பதை நியூசிலாந்து ரசிகர்கள் இன்றும் ஏற்பதில்லையே?

ப: இரு அணிகளும் 241. சமனை முறிக்க ஆளுக்கு ஒரு ஓவர் ஆடும் சூப்பர் ஓவரிலும் ஆளுக்கு 15. பவுண்டரிக் கணக்கில் 26-17 என்று கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. ‘கோப்பையை வென்றது’ என்றால் யாரும் சண்டைக்கு வரமுடியாது. ‘நியூசிலாந்தை வீழ்த்தியது’ என்றால் வருவார்கள், நியாயமும் அவர்கள் பக்கம். அதே ஆண்டு விதியை மாற்றி, முடிவு கிடைக்கும்வரை சூப்பர் ஓவர் என்று ஆக்கிவிட்டார்கள்.

கே: செஸ் சாம்பியனுக்கும் ‘வாகை சூடினார்’ என்கிறார்கள். வாகை போர்க்களத்துப் பூ அல்லவா?

ப: தாராளமாகச் சொல்லலாம். போரில் மோதும்போது தும்பை, வென்றபின் வாகை என்பது மரபு. ஆனால் தொல்காப்பியத்தின் வாகைத் திணை போர் வெற்றியோடு நின்றுவிடவில்லை. அவரவர் தத்தம் துறையில் மேம்பட்டு நிற்பதையும் அதில் சேர்க்கிறது. சதுரங்கக்காரர் வாகை சூட இலக்கணத் தடை ஏதுமில்லை. முதல் சுற்றில் ஜெயித்தவருக்கெல்லாம் சூட்டுவதுதான் கொஞ்சம் ஓவர்.

கே: ‘மண்ணைக் கவ்வியது’ குஸ்தியிலிருந்து வந்ததா?

ப: கேட்க அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மல்யுத்தத்தில் இரண்டு தோள்களும் தரையில் அழுத்தப்பட்டால் ஆட்டம் அத்தோடு முடியும், அதாவது மல்லாக்க. மண்ணைக் கவ்வ வேண்டுமானால் குப்புற விழ வேண்டும். குப்புற விழுந்தவர் இன்னும் தோற்கவில்லை! மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிப்பவர்களுக்கு இது நல்ல வாதம்.

கே: ‘ஆஸ்திரேலியாவை வெற்றி பெற்றது’ சரியா?

ப: தவறு. ஆஸ்திரேலியாவை வென்றது, வெற்றி கொண்டது, வீழ்த்தியது எல்லாம் சரி. ‘வெற்றி பெற்றது’ என்றால் ‘ஆஸ்திரேலியாவுக்கு எதிராக’ என்று வரவேண்டும்.

கே: டென்னிஸில் வாக் ஓவர் கிடைத்தால் ‘வீழ்த்தினார்’ எனலாமா?

ப: கூடாது. எதிராளி களத்துக்கே வராதபோது யாரை வீழ்த்துவது? இருவரின் நேருக்கு நேர் கணக்கிலும் அது சேராது. ‘அடுத்த சுற்றுக்கு முன்னேறினார்’ போதும். ஒரு பந்தாவது ஆடிவிட்டு எதிராளி காயத்தால் விலகினால் கதை வேறு. அது வெற்றியாகவே பதிவாகும்.