ஆர்டிஎல் 8139 நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் எழுத எங்கே தொடங்குவது?

கோத்தகிரியில் கையில் ஒரு பழைய கார்டு, எழுத நினைப்பது சிறிய திறமூல இயங்குதளத்துக்கு என்கிறீர்கள். கார்டை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கணினியையே மென்பொருளில் உருவாக்கிக் காட்டும் கியூஇஎம்யூ இதே சிப்பைப் போலச் செய்துகாட்டும். மழையில் கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் வேலை ஓடும். டேட்டாஷீட்டை முன்பே இறக்கிவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது பிசிஐ கமாண்ட் ரெஜிஸ்டரில்தான் (கார்டு செருகும் பிசிஐ இணைப்பின் கட்டுப்பாட்டு பிட்கள் இருக்கும் இடம்). பஸ் மாஸ்டரிங் பிட்டை (பிட் 2) 1 ஆக்காவிட்டால் டிஎம்ஏ (சிப் தானே நினைவகத்தைப் படித்து எழுதுவது) நடக்காது. ரெஜிஸ்டர்களைப் படித்தால் எல்லாம் சரியாகவே தெரியும், பாக்கெட் மட்டும் நகராது. பெறும் பஃபருக்குக் குறைந்தது 8192+16 பைட், தொடர்ச்சியான நினைவகமாக வேண்டும். சிப்புக்குக் கொடுக்க வேண்டியது மெய்நிகர் முகவரியை அல்ல, இயற்பியல் முகவரியை. பாக்கெட் அனுப்ப 4 டிஸ்கிரிப்டர்களே (பாக்கெட் எங்கே, எவ்வளவு என்று சிப்புக்குச் சொல்லும் ரெஜிஸ்டர்கள்), அவற்றில் வரிசையாகச் சுற்றிவர வேண்டும். இன்டரப்ட் ஸ்டேட்டஸ் பிட்டை (பாக்கெட் வந்தது, போனது என்று சிப் காட்டும் குறி) அழிக்க அதில் 1 எழுதணும், 0 அல்ல (விசித்திரம்தான்).

நிஜக் கார்டு மலை ஈரத்தில் கிடந்திருந்தால், செருகும் முன் விளிம்பை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள்.