மாணவர்கள் தம் சொந்தக் குரலில் எழுத ஆசிரியர் என்ன செய்யலாம்?

எட்டாம் வகுப்பில் ‘மழைக்காலம்’ என்று தலைப்புக் கொடுத்தால் எல்லாத் தாள்களும் ஒரே மாதிரி வருகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகமும், துணைநூலை மனப்பாடம் செய்து எழுதினால் கிடைக்கும் மதிப்பெண்ணும் மாணவர்களை அப்படிப் பழக்கியுள்ளன. ஆகவே முதலில் மாற வேண்டியது தலைப்புதான். ‘நேற்றைய மழையில் உங்கள் வீட்டில் எது முதலில் நனைந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். கொடியில் கிடந்த சீருடையையும் ஒழுகும் ஓட்டுக்குக் கீழே வைத்த வாளியையும் எந்தத் துணைநூலும் எழுதித் தர முடியாது.

நியூசிலாந்தில் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி இனக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு குழந்தையும் விரும்பிக் கேட்ட சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்து, அதிலிருந்தே வாசிப்பையும் எழுத்தையும் வளர்த்தார்; அச்சமும் அன்பும் சார்ந்த சொற்களே குழந்தைகளின் மனத்தில் உடனே பதிந்தன என்பதை 1963இல் வெளியான தம் நூலில் விளக்கியுள்ளார்.

என் பார்வையில், மிகவும் கடினமானது திருத்தும் முறைதான். பேச்சு வழக்கில் எழுதியதற்காக முதல் வரைவிலேயே சிவப்பு மையால் சுழித்தால், மாணவர் மறுநாளே துணைநூலுக்குத் திரும்பிவிடுவார் என்பதால், ‘வாளி நிரம்பிய பிறகு என்ன செய்தாய்?’ என்பது போன்ற ஒரு கேள்வியை மட்டும் ஓரத்தில் எழுதுங்கள். ஒற்றுப்பிழைகளை இரண்டாம் வரைவில் பார்த்துக்கொள்ளலாம். எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும்.