ஆள் நிற்பதில்லை என்கிறீர்கள்

கேள்வி: அம்மா, தென்மாவட்டத்தில் மூன்று மாடி ஜவுளிக்கடை நடத்துகிறோம். தாத்தா ஆரம்பித்தது. அப்பா காலத்தில் 30 வருஷம் வேலை பார்த்தவர்கள் உண்டு. இப்போது 60 பெண்கள் இருக்கிறார்கள். காலை 9.30 முதல் இரவு 9 வரை கடை. தீபாவளி போனஸ் கைக்கு வந்த மறுவாரம் பாதிப் பேரைக் காணோம். சாப்பாடு, ஹாஸ்டல், வருஷத்துக்கு ஒரு டூர் எல்லாம் உண்டு. வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்து டிரெய்னிங்கூடக் கொடுத்தோம். வேலை பார்ப்பவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்ததும் 25 ஸ்டூல் வாங்கினோம். கஸ்டமர் கண்ணுக்கு நன்றாக இல்லை என்று மேலே குடோனில் அடுக்கியிருக்கிறோம். ஒரே குடும்பம் மாதிரிதான் நடத்துகிறோம். ஆனாலும் ஆள் நிற்பதே இல்லை. என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஹோட்டல்காரர், நகைக்கடைக்காரர், பள்ளிக்கூடம் நடத்துபவர் என்று யாராவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் சாப்பாடு போட்ட கணக்கு இருக்கும், நன்றி கெட்ட ஆட்கள் இருப்பார்கள். உங்கள் கடிதத்தில் கூடவே 25 ஸ்டூல் இருக்கிறது. நான் அதை விட்டு நகரப்போவதில்லை.

ஆள் நிற்பதில்லை என்கிறீர்கள். ஒன்பதரையிலிருந்து ஒன்பது வரை அந்தப் பெண்கள் நிற்பதைத் தவிர வேறு என்ன செய்கிறார்கள்? (பதினொன்றரை மணி நேரக் கடை என்பது தனிச் சண்டை. அதை இன்னொரு நாள் போடலாம்.)

நீங்கள் ஸ்டூலே வாங்கவில்லை என்றால் தெரியாமல் இருந்துவிட்டார் என்று விட்டிருப்பேன். சட்டம் தெரிந்து, விலை பேசி, பில் போட்டு வாங்கி, மாடி ஏற்றி அடுக்கியிருக்கிறீர்கள். 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது, யாராவது சோதனைக்கு வந்தால் குடோனைத் திறந்து காட்டுவதற்காக இல்லை. வேலைக்கு நடுவே உட்கார ஒரு வாய்ப்புக் கிடைத்தால், உட்கார இடம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அது கேட்பது. கஸ்டமர் படியேறினால் அவர்களே எழுந்துவிடப் போகிறார்கள். கேரளா இதை 2018-லேயே செய்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் கழிப்பறை இல்லாமல், அதனாலேயே தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை பார்த்த பெண்கள் சங்கம் சேர்ந்து போராடி வாங்கியது அது. சும்மா வந்ததில்லை.

கஸ்டமர் கண்ணுக்கு நன்றாக இல்லையாம். எந்தக் கஸ்டமர்? நானும் நாற்பது வருஷமாகப் புடவை எடுக்கிறேன். விற்கிற பெண் உட்கார்ந்திருந்தாள் என்று நான் ஒரு கடையையும் விட்டு இறங்கியதில்லை. என் கண்ணுக்கு நன்றாக இல்லாதது வேறு. கூட்டம் இல்லாத மத்தியானத்தில் ஒரு பெண் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள். அடுக்கின் கீழ்த்தட்டில் குதிகாலை முட்டுக்கொடுத்துக்கொள்வாள். ஒரு கண் கேமரா மேலேயே இருக்கும். என் சித்தி மகள் ஒரு கடையில் ஆறு வருஷம் அப்படி நின்றவள். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்துக்கொண்டது. ராத்திரி இரண்டு தலையணை மேல் காலைத் தூக்கிவைத்துத்தான் படுப்பாள். பெண் பார்க்க வந்த அன்று, யாரும் காலைப் பார்த்துவிடக் கூடாது என்று கொலுசைக் கழற்றி வைத்துவிட்டாள்.

அப்பா காலத்தில் 30 வருஷம் இருந்தார்கள் என்கிறீர்களே, எப்படி இருந்தார்கள் என்று அவரிடம் கேட்டீர்களா? அந்தக் கால ஜவுளிக்கடையில் மெத்தை போட்டு மேலே வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். விற்பவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். வாங்க வந்த குடும்பம் எதிரே உட்காரும். காஞ்சிபுரத்தில் இன்றும் அப்படிச் சில பட்டுக் கடைகள் உண்டு. உட்காரவைத்த கடையில்தான் ஆள் நின்றது, தம்பி. கண்ணாடி கவுன்ட்டர் வந்தபோது கஸ்டமருக்கு நாற்காலி போட்டீர்கள். எதிரே இருந்தவரின் மெத்தையை உருவிக்கொண்டீர்கள்.

அப்படி இருந்தவர்களிடம் இன்னொன்றும் இருந்தது. "மூத்தவளுக்கு மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் எடுத்தீங்க, சின்னவளுக்கு அது வேண்டாம்" என்று நாலு வருஷத்துக்கு முந்தின கல்யாணத்தை ஞாபகம் வைத்துச் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே குடும்பம் குடும்பமாக அதே கடைக்குப் போவோம். வெளியூர் டிரெய்னர் இதைக் கற்றுத்தர முடியுமா? தீபாவளிக்குத் தீபாவளி ஆள் மாறுகிற கடைக்கு ஒவ்வொரு கஸ்டமரும் புது ஆள்தான். அந்த நஷ்டம் உங்கள் கணக்குப் புத்தகத்தில் வராது.

போனஸ் வாங்கிக்கொண்டு போவது துரோகமும் இல்லை. சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு. உழைத்துச் சேர்த்த பணம் கைக்கு வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

குடும்பம் என்ற பேச்சை முதலில் விடுங்கள். எந்த வீட்டில் பெண் பிள்ளை கால் கடுக்க நிற்கும்போது நாற்காலியை மாடியில் ஒளித்து வைக்கிறார்கள்? அவர்களுக்கு ஊரில் தகப்பன் இருக்கிறான். உங்களை நம்பித்தான் பெண்ணை ஹாஸ்டலில் விட்டிருக்கிறான். அந்த நம்பிக்கைக்கு நீங்கள் கடன்பட்டவர். சாப்பாடு போட்டு அந்தக் கடனைக் கழிக்க முடியாது.

நாளைக் காலை கடை திறக்கும் முன் ஸ்டூல்களை இறக்குங்கள். அந்தப் பெண்களைத் தூக்கச் சொல்லாதீர்கள். நீங்களும் மேனேஜரும் தூக்குங்கள். உட்கார்ந்தால் திட்டு இல்லை, சம்பளப் பிடித்தம் இல்லை என்று சூப்பர்வைசரிடம் அவர்கள் காதுபடச் சொல்லுங்கள். அப்படியும் முதல் வாரம் ஒருத்தியும் உட்கார மாட்டாள், பயம் இருக்கும். மத்தியானம் கூட்டம் குறையும்போது நீங்களே ஒவ்வொரு மாடியாகப் போய் உட்காரச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆள் 60. ஸ்டூல் 25. மீதியை எப்போது வாங்கப் போகிறீர்கள்?